கவட்டு ஹேர்னியா: புடைப்பைக் கண்ட நாளிலிருந்து பாரம் தூக்கும் நாள் வரை

இருமினால் கவட்டில் ஒரு புடைப்பு தள்ளிக்கொண்டு வருகிறது. படுத்தால் காணாமல் போகிறது. பின்னேரம் ஆக ஆக ஒரு இழுவை, ஒரு கனம். காலையில் எழும்பும்போது ஒன்றுமில்லை. கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை வார்டில் தாதியாக வேலை செய்கிறேன். ஒருவர் இப்படிச் சொல்லத் தொடங்கும்போதே மிச்சக் கதையும் எனக்குத் தெரிந்துவிடும்: மாதக்கணக்காக இது இருக்கிறது, வீட்டில் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. இடம் அப்படிப்பட்டது, வெட்கம்.

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளி ஒருவர் வந்திருந்தார். சாரத்துக்குள்ளே பழைய துவாய் ஒன்றை நான்காக மடித்துப் புடைப்பின்மேல் வைத்து, அகலப் பட்டியால் இறுக்கிக் கட்டியிருந்தார். பட்டியைக் கழற்றியபோது கீழே தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. அந்தக் கட்டோடுதான் அவர் அரிசி மூட்டை ஏற்றி இறக்கியிருக்கிறார். வருத்தத்தைத் தாங்கிக்கொள்வதில் நம் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஹேர்னியா, அதாவது வயிற்றுச் சுவரின் தளர்ந்த இடத்தால் உள்ளிருப்பது பிதுங்குவது, தாங்கிக்கொண்டால் ஆறும் வருத்தம் இல்லை. மருந்துக்கும் எண்ணெய்க்கும் அது மூடாது. அதே நேரம், கண்ட மறுநாளே வெட்ட வேண்டும் என்றும் எல்லாருக்கும் இல்லை. எப்போது பொறுக்கலாம், எப்போது ஒரு மணித்தியாலம்கூடப் பொறுக்கக் கூடாது என்பது தெரிந்தால் பயம் பாதி குறையும். அதனால் அவசரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உடனே ஓட வேண்டிய நேரம்

வழக்கமாகப் படுத்தால் உள்ளே போகும் புடைப்பு ஒருநாள் போக மறுக்கிறது, தொட்டால் கல்லுப்போல் இறுகி நோகிறது என்றால் அது அவசரம். அதோடு சத்தி, வயிறு ஊதல், காற்றுப் பிரியாமை, புடைப்பின்மேல் தோல் சிவத்தல் அல்லது கறுத்தல், காய்ச்சல் எதுவும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். குடலின் ஒரு பகுதி இடுக்கில் மாட்டி, இரத்த ஓட்டம் நின்றுபோகும் நிலை அது. சில மணித்தியாலங்களில் அந்தக் குடல் அழுகத் தொடங்கலாம். பிறகு அந்தத் துண்டையே வெட்டி அகற்ற வேண்டி வரும்.

அந்த நேரத்தில் சாப்பிடக் கொடுக்காதீர்கள், குடிக்கவும் கொடுக்காதீர்கள். எண்ணெய் பூசி உருவி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். கெட்டுப்போன குடலை வயிற்றுக்குள் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஓட்டோ முதலில் கிடைத்தால் ஓட்டோவில் போங்கள். விடியட்டும், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில போதனா வைத்தியசாலையிலும் இரவு பகல் பாராமல் அவசர ஒப்பரேஷன் நடக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

அடிவயிற்றுச் சுவரில், தொடை தொடங்கும் மடிப்புக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் சுமார் 4 செ.மீ. நீளமான ஒரு சரிவான பாதை இருக்கிறது. பிறப்பதற்கு முன் ஆண் குழந்தையின் விரைகள் வயிற்றுக்குள்ளிருந்து இந்த வழியாகத்தான் விரைப்பைக்கு இறங்குகின்றன. பிறகும் விந்துக் குழாயும் விரைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். ஆண்களின் உடலில் இது இயல்பாகவே பலவீனமான இடம். வாழ்நாளில் நான்கு ஆண்களில் ஒருவருக்காவது கவட்டு ஹேர்னியா வருவதற்கு இதுதான் காரணம். பெண்களில் இது மிகக் குறைவு.

சைக்கிள் டயர் தேய்ந்து வெடித்த இடத்தில் உள்ளிருக்கும் டியூப் பிதுங்கிக்கொண்டு வருமே, அதே கதைதான். சுவர் தளர்ந்த இடத்தால் வயிற்றின் உள்ளுறை ஒரு பைபோலத் தள்ளிக்கொண்டு வரும். பைக்குள் கொழுப்போ குடலோ இறங்கும்.

இரண்டு வகை உண்டு. பிறவியிலேயே முழுதாக மூடாமல் விட்ட பாதை வழியே இறங்குவது ஒன்று. இளவயதினரிடமும் வரும், விரைப்பை வரைக்கும் போகும். பின்சுவர் நாள்பட்டுத் தளர்ந்து நேராக முன்னே பிதுங்குவது மற்றது. வயது போனவர்களிடம் அதிகம். நோயாளிக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை, ஒப்பரேஷன் செய்பவர் உள்ளே பார்த்துத் தீர்மானித்துக்கொள்வார். நாள்பட்ட இருமல், புகைத்தல், மலச்சிக்கல், புரொஸ்டேட் வீக்கத்தால் முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தல் ஆகியவைதான் உங்கள் கையில் இருப்பவை. வைத்தியர் இவற்றை விசாரிக்கும்போது ஒளிக்காமல் சொல்லுங்கள். இருமலும் முக்கலும் தீராமல் ஹேர்னியாவை மட்டும் தைத்தால் தையலுக்குத்தான் சோதனை.

யாரிடம் காட்டுவது

அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால் அங்கிருந்து சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். காசில்லை, ஆனால் அவசரமில்லாத ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கும் பட்டியல் உண்டு. வசதி இருப்பவர்கள் தனியாரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, காட்டலாம். அரச வைத்தியசாலையில் பகலில் வேலை செய்யும் அதே நிபுணரைத்தான் பல நேரம் பின்னேரம் தனியாரிலும் சந்திப்பீர்கள். ஒருமுறை சனல் பண்ணி ஆலோசனை கேட்டுவிட்டு, ஒப்பரேஷனை அரச வைத்தியசாலையில் செய்துகொள்ளும் குடும்பங்கள் நிறைய.

பரிசோதனை எளிது. நிற்க வைத்து, இருமச் சொல்லி, கையால் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு படுக்க வைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஸ்கான்கூடத் தேவையில்லை. புடைப்பு தெரியாமல் வலி மட்டும் இருந்தால், அல்லது வேறு ஏதாவது சந்தேகம் இருந்தால் ஸ்கான் எழுதுவார்கள். தளர்வான சாரமோ காற்சட்டையோ உடுத்துப் போங்கள், வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அந்த அறையில் இருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை.

வெட்டுவதா, பார்த்திருப்பதா

ஆணாக இருந்து, புடைப்பு சிறிதாக, வலியில்லாமல், வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் பார்த்திருப்பது நியாயமான தெரிவு. அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. பார்த்திருந்தவர்களில் ஆபத்தான இறுக்கம் வந்தது வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அவர்களையே பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கினர் கடைசியில் ஒப்பரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் காரணம் வலி.

இதை வைத்து நான் சொல்வது இதுதான்: மகளின் கலியாணம், பிள்ளையின் சோதனை, கடையின் பண்டிகை வியாபாரம் என்று சில மாதம் தள்ளிப்போட வேண்டியிருந்தால் பயமில்லாமல் தள்ளுங்கள். ஆனால் 55 வயதில் உடம்பு நன்றாக இருக்கும்போது செய்ய வேண்டியதை 75 வயதில் இதய வருத்தத்தோடு செய்யும் நிலைக்கு இழுக்காதீர்கள். உடலை வைத்து உழைப்பவர்களும், புடைப்பு வரவரப் பெருக்கிறவர்களும், வலி உள்ளவர்களும் நாள் குறித்துக்கொள்வதே நல்லது.

கடைகளில் விற்கும் ஹேர்னியா பெல்ட் குணப்படுத்தாது. ஒப்பரேஷனுக்கு நாள் கிடைக்கும்வரை, வைத்தியர் சொன்னால் மட்டும், புடைப்பை முழுதாக உள்ளே அனுப்பிவிட்டுப் போடலாம். வெளியே இருக்கும் குடலின்மேல் பெல்ட்டை இறுக்குவது ஆபத்து.

பெண்களுக்குக் கணக்கு வேறு. பெண்களின் கவட்டில் வரும் புடைப்பு, சற்றுக் கீழே தொடைப் பக்கமாக இறங்கும் வேறு வகை ஹேர்னியாவாகவும் இருக்கலாம். அது இறுகிப்போகும் வாய்ப்பு மிக அதிகம். பார்த்திருப்பது அவர்களுக்குப் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கு மட்டும், அந்த இடத்தில் இரத்த நாளம் புடைத்தாலும் ஹேர்னியா போலத் தெரியும் என்பதால், முதலில் ஸ்கான் செய்து பார்ப்பார்கள். கைக்குழந்தைகளுக்குத் தாமதமே கூடாது. வைத்தியரைக் கண்டு விரைவாக நாள் எடுக்க வேண்டும். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அதற்கென்றே இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுவரைப் பலப்படுத்த வைக்கும் வலையைப் பிள்ளைகளுக்கு வைப்பதில்லை. அந்தப் பையைக் கட்டி மூடினாலே போதும்.

என்னென்ன முறைகள்

1884இல் இத்தாலியின் பதுவா நகரில் பஸ்ஸீனி என்ற வைத்தியர்தான் தசையைக் கவட்டுத் தசைநாரோடு சேர்த்துத் தைத்து இந்தப் பாதையின் பின்சுவரைப் பலப்படுத்தும் முறையைத் தொடங்கினார். அவருக்குப் பிறகு கனடாவின் டொரொண்டோ நகரில் ஷோல்டைஸ் நான்கு வரிசையாக மடித்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். வலை வைக்காமல் செய்யும் முறைகளில் இன்றும் அதுதான் முதலிடம், பழகிய கையாக இருந்தால். இந்தியாவில் புனே நகரத்து தேசார்தா, நோயாளியின் சொந்தத் தசைநார்ப் பட்டை ஒன்றையே இழுத்துத் தைக்கும் முறையைச் சொன்னார். வலை வேண்டாம் என்பவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

தசையை இழுத்துத் தைத்தால் அந்த இழுவையே வலியாகும், காலப்போக்கில் தையல் அறுத்துக்கொண்டு ஹேர்னியா திரும்பி வரும். இந்தச் சிக்கலுக்கு 1984இல் அமெரிக்காவில் லிக்டென்ஸ்டைன் குழுவினர் எடுத்த வழி எளிது: எதையும் இழுக்காதே, இடைவெளியின்மேல் வலை ஒன்றைப் போர்த்திவிடு. பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலால் பின்னிய அந்த வலையின் கண்களுக்குள் உடலின் சொந்த இழையம் வளர்ந்து பிணைந்து, சில வாரங்களில் சுவரின் பகுதியாகவே ஆகிவிடும். திறந்து செய்யும் ஒப்பரேஷன்களில் உலகம் முழுவதும் அதிகம் நடப்பது இதுதான்.

மற்றது லப்ரொஸ்கொப்பி. மூன்று சிறு துளைகள், உள்ளே கமரா, வலை போவது சுவரின் பின்பக்கமாக. வயிற்றுக்குள் நுழைந்து செய்வது ஒரு வகை; வயிற்றுக்குள் நுழையாமல் சுவரின் அடுக்குகளுக்கு இடையிலேயே செய்வது இன்னொரு வகை. முதல் நாட்களின் வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம், நாள்பட்ட வலியும் மரப்பும் குறைவு. இரண்டு பக்கமும் ஹேர்னியா இருந்தால், அல்லது முன்பு திறந்து செய்தது திரும்பி வந்தால், இதுவே பொருத்தம். பெண்களுக்கும் கிடைத்தால் இதுவே நல்லது. எதிர்ப்பக்கம் என்ன? முழு மயக்கம் தேவை. கீழ் வயிற்றிலோ புரொஸ்டேட்டிலோ முன்பு ஒப்பரேஷன் செய்தவர்களுக்குக் கடினம். விரைப்பை வரை இறங்கிய பெரிய ஹேர்னியாவுக்கும் பல நேரம் திறந்து செய்வதே வசதி. குடலிலோ பெரிய இரத்தக் குழாயிலோ காயம் படும் ஆபத்து அரிது, ஆனால் இல்லாமல் இல்லை.

தனியாரில் காசு கட்டுபவர்கள் துளை போட்டுச் செய்வதே உயர்ந்தது என்று நினைத்து வருகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். லப்ரொஸ்கொப்பியில் கை பழக ஒருவருக்கு 50 முதல் 100 ஒப்பரேஷன் வரை வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டல்களே சொல்கின்றன. ஆகவே முறையைவிட முக்கியமான கேள்வி இது: ‘டொக்டர், நீங்கள் அடிக்கடி செய்வது எந்த முறை?’ மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார். அவருக்குக் கைவந்த முறைதான் பெரும்பாலும் உங்களுக்கும் பாதுகாப்பானது.

நாள் குறித்த பிறகு

புகைப்பவர் என்றால் அன்றே நிறுத்துங்கள். நான்கு வாரமாவது நிறுத்தியிருந்தால் காயம் ஆறுவதிலும் இருமல் குறைவதிலும் வித்தியாசம் தெரியும். சீனி வருத்தம், பிரஷர் இரண்டையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சேர்த்து. இரத்தத்தை இளக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்துவதா வேண்டாமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. சீனி வருத்தத்துக்கு எம்பாக்லிஃப்லோசின் வகைக் குளிசை எடுப்பவர்கள் அதைச் சொல்ல மறக்கவே கூடாது. அது ஒப்பரேஷனுக்குச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியது.

வலைக்கும் மற்றச் சாமான்களுக்கும் வெளியே ஏதாவது வாங்கித் தர வேண்டுமா என்று அரச வைத்தியசாலையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தனியார் என்றால் மொத்தச் செலவில் வலை, மயக்க மருந்து வைத்தியர், அறை, மருந்து எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சம்மதப் பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சிங்களம் அரைகுறையாக விளங்கும் பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து வருகிறேன். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. வார்டில் தமிழ் பேசும் தாதியோ வைத்தியரோ இருந்தால் கூப்பிடச் சொல்லுங்கள், அல்லது கதைக்கத் தெரிந்த மகனை, மருமகளைக் கூட்டிப் போங்கள். எந்தப் பக்கம், எந்த முறை, வலை உண்டா, என்ன மயக்கம் என்ற நான்குக்கும் பதில் தெரியாமல் பேனையைத் தொடாதீர்கள்.

ஒப்பரேஷனுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். பால் கலந்த தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். வெறும் தண்ணீர் பொதுவாக இரண்டு மணித்தியாலம் முன்புவரை குடிக்கலாம், வார்டில் வேறு மாதிரிச் சொன்னால் அதைக் கேளுங்கள். வீட்டில் சவரக்கத்தியால் முடி மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே கிருமி நுழையும். தேவையான முடியை வைத்தியசாலையிலேயே வெட்டிவிடுவார்கள். சவர்க்காரம் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு வந்தால் போதும்.

தியேட்டருக்குள்

திறந்து செய்வதற்கு மூன்று வழி மயக்கம் உண்டு: அந்த இடத்தை மட்டும் மரக்க வைப்பது, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்பது, முழு மயக்கம். இங்கே முதுகு ஊசி பரவலாக நடக்கிறது. உட்கார வைத்து, முதுகை வளைத்து, நாடியை நெஞ்சில் வைக்கச் சொல்வார்கள். மெல்லிய ஊசி. கால்கள் சூடாகி, பிறகு கனத்து, உங்களுடையவை இல்லாத மாதிரி ஆகும். விழித்திருப்பீர்கள், கதைக்கலாம், வலி இராது. தொடுவதும் இழுப்பதும் தெரியலாம். அது சாதாரணம். இடத்தை மட்டும் மரக்க வைத்துச் செய்தால் இதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்குக்கூடத் தாங்கும், சிறுநீர் அடைபடுவதும் குறைவு. அதில் பழகிய வைத்தியர் வேண்டும்.

வெட்டுவதற்கு முன் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று உங்கள் பெயர், எந்தப் பக்கம் என்று உரக்கச் சரிபார்ப்பார்கள். பக்கத்தைப் பேனையால் குறித்திருப்பார்கள். குறிக்காவிட்டால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

லிக்டென்ஸ்டைன் முறையில் கவட்டு மடிப்புக்கு மேலே, அதற்குச் சமாந்தரமாக 5, 6 செ.மீ. நீளத்துக்குத் தோலைக் கீறுவார்கள். கொழுப்பு அடுக்கைத் தாண்டினால் வெள்ளையாகப் பளபளக்கும் தசைநார்த் தகடு வரும். அதை இழைகளின் போக்கிலேயே பிரித்தால் பாதை திறக்கும். அங்கே மெல்லிய நூல்போல மூன்று நரம்புகள் ஓடும். நல்ல கைக்கும் அவசரக் கைக்கும் வேறுபாடு இந்த இடத்தில்தான் தெரியும். நரம்புகளை அடையாளம் கண்டு ஒதுக்கி வைத்தால் பிற்காலத்து வலி குறையும். தையலில் மாட்டினால் நோயாளிதான் வருடக்கணக்கில் அனுபவிப்பார்.

அடுத்து, விந்துக் குழாயும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த கொத்தை மெதுவாகத் தூக்கி ஒரு பட்டியால் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கொத்தோடு ஒட்டியிருக்கும் ஹேர்னியாப் பையை, குழாயையும் இரத்த ஓட்டத்தையும் கெடுக்காமல் உரித்துப் பிரிப்பதுதான் நேரமெடுக்கும் வேலை. பைக்குள் இருப்பதை வயிற்றுக்குள் அனுப்பிவிட்டு, பையைக் கட்டி வெட்டுவார்கள், அல்லது அப்படியே உள்ளே மடித்துவிடுவார்கள். நேராகப் பிதுங்கிய வகை என்றால் பையைத் திறக்காமலே உள்ளே அழுத்தி மேலே ஒரு தையல் போடுவார்கள்.

பிறகு வலை. சுமார் 7 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம், ஆளுக்கேற்ப வெட்டிக்கொள்வார்கள். நடுவில் உள்ள இடுப்பு எலும்பின் மேட்டைத் தாண்டி ஒன்றரை, இரண்டு செ.மீ. போர்த்துமாறு வைக்க வேண்டும், ஏனென்றால் திரும்பி வரும் ஹேர்னியாக்களில் பல அந்த மூலையால்தான் வருகின்றன. கீழ் விளிம்பைத் தசைநாரோடு தொடர் தையலாகத் தைத்து, மேல் விளிம்பைச் சில தனித்தையல்களால் பிடிப்பார்கள். வெளி ஓரத்தில் ஒரு பிளவு வெட்டி, விந்துக் கொத்து அதன் வழியே வெளிவரும்படி இரண்டு வால்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றித் தைப்பார்கள். இறுக்கினால் விரைக்குப் போகும் இரத்தம் தடைப்படும், தளர்ந்தால் ஹேர்னியா திரும்பும். அந்த அளவுதான் அனுபவம். வலை தட்டையாக விறைத்துக் கிடக்காமல் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும், எழுந்து நிற்கும்போது வயிறு முன்னே தள்ளும் என்பதற்காக. பிறகு தகட்டையும் தோலையும் அடுக்கடுக்காக மூடி, மருந்துக்கட்டு. சாதாரண ஹேர்னியா என்றால் பெரும்பாலும் ஒரு மணித்தியாலம் போல எடுக்கும்.

லப்ரொஸ்கொப்பியில் தொப்புளுக்கு அருகே ஒரு துளை, கீழே இரண்டு சிறு துளை. காபனீரொட்சைட் வாயுவால் இடத்தை ஊத வைத்து, பையைப் பின்னாலிருந்து இழுத்தெடுத்து, குறைந்தது 10க்கு 15 செ.மீ. வலையை விரித்து எல்லாப் பலவீன இடங்களையும் ஒரே விரிப்பில் மூடுவார்கள். வாயு காரணமாகப் பிறகு தோளில் நோவு வரலாம். ஓரிரு நாளில் போய்விடும்.

முதல் இரவு

மரப்பு இறங்க சில மணித்தியாலம் எடுக்கும். தாதி சொல்லாமல் தனியாகக் கட்டிலை விட்டு இறங்காதீர்கள். கால் இருக்கிறது என்று நினைத்து விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். சிறுநீர் போகிறதா என்பதே எங்களின் முதல் கேள்வியாக இருக்கும். வயிறு முட்டியும் போகவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஆண்கள் எழுந்து நின்று முயன்றால் பல நேரம் போகும்; இல்லாவிட்டால் ஒரு குழாய் போட்டு எடுப்பார்கள்.

முடிந்தவர்களை அன்றைக்கே நடக்க வைப்போம். எழும்பும் விதம் ஒன்று உண்டு. நேராகத் தலையைத் தூக்கி எழும்பாதீர்கள். முழங்காலை மடித்து, நோகாத பக்கம் முழு உடம்பையும் உருட்டி, கால்களைக் கட்டிலின் ஓரத்தால் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் ஒரு சிறு தலையணையைக் காயத்தின்மேல் அழுத்திப் பிடியுங்கள். இந்த இரண்டையும் ஒப்பரேஷனுக்கு முதல் நாளே வீட்டில் பழகி வந்தவர்களுக்கு முதல் இரவு பாதி சுலபம்.

வீட்டில்

வலி வந்த பிறகு மருந்து தேடாமல் முதல் இரண்டு மூன்று நாள் நேரத்துக்கு எடுங்கள். 500 மி.கி. பனடோல் என்றால் வளர்ந்தவர்களுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு குளிசை, 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரர்களுக்கும் அளவு குறைவு. தடிமன் குளிசைகளிலும் அதே மருந்து இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். இபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் போன்றவை நன்றாக வேலை செய்யும், ஆனால் சிறுநீரகம், இரைப்பைப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் தொடக் கூடாது.

மூன்றாம் நாள்போல விரைப்பையும் ஆண்குறியும் ஊதி, கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போகலாம். இதைப் பார்த்துப் பதறித் திரும்பி ஓடி வருபவர்கள் பலர். இரத்தம் கீழே கசிந்து இறங்குவதுதான் அது. இறுக்கமான உள்ளாடை போட்டுத் தாங்கிப் பிடித்தால் இரண்டு வாரத்துக்குள் வடிந்துவிடும். காயத்தின் கீழ்க் கயிறு போல ஒரு தடிப்புத் தட்டுப்படும், அது ஆறும் இழையம். கட்டிபோல மெத்தென்ற வீக்கம் நீர் கோர்ப்பதால் வரலாம், அதுவும் பெரும்பாலும் தானாகக் கரையும். ஊசியால் குத்தி எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள், கிருமி உள்ளே போகும்.

காயம் நனையலாமா என்று உங்கள் வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக இரண்டு நாளுக்குப் பிறகு ஊற்றிக் குளிக்கலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். கல்கிசைக் கடலும் நீச்சல் குளமும் காயம் முழுதாக மூடும்வரை வேண்டாம்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் நடப்பது எனக்குக் கவலை. கிரந்தி, அதாவது காயத்தை ஆறவிடாத சாப்பாடு, என்று சொல்லி மீன், முட்டை, கோழி எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு மாதம் ரசமும் சோறும் கொடுக்கிறார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். உங்களுக்கு ஒவ்வாமை தராத எந்த மீனும் முட்டையும் பருப்பும் சாப்பிடலாம். அம்மாவின் மனதுக்காக இறாலையும் நண்டையும் சில நாள் விடுவதில் நட்டமில்லை. மிக முக்கியம் மலம் இறுகாமல் பார்ப்பது: தண்ணீர், பப்பாப்பழம், கீரை, இலைக்கஞ்சி. அப்படியும் இறுகினால் லக்டுலோஸ் பாணி கேளுங்கள். முக்குவது தையலுக்கு நல்லதல்ல.

மாடி வீட்டில் இருப்பவர்கள் படி ஏறலாம், மெதுவாக. தினமும் நடங்கள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி. கட்டிலிலேயே கிடப்பதுதான் காலில் இரத்தம் உறைவதற்கு வழி. மேசை வேலைக்கு ஒன்று, இரண்டு வாரத்தில் போகலாம். கார், ஓட்டோ ஓட்டுபவர்கள் திடீரென்று பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் நோகாது என்ற நிலை வந்த பிறகே ஓட்டுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் மிதித்துப் பார்த்தால் தெரியும். தாம்பத்தியமும் நோகாத நாளிலிருந்து, அநேகமாக இரண்டு வாரம் போல. தொழுகைக்குக் குனிவது நோகும்வரை கதிரையில் இருந்து தொழலாம். கோயிலில் பிரதட்டை, காவடி நேர்த்தி வைத்தவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

பாரம் தூக்குவதில் வைத்தியர்களுக்கு இடையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. நோகாத வேலை எதையும் சில நாட்களிலேயே தொடங்கலாம் என்கின்றன சர்வதேச வழிகாட்டல்கள். நம் வைத்தியர்களில் பலர் நான்கு முதல் ஆறு வாரம் பாரம் வேண்டாம் என்பார்கள். கறிச் சாமான் பையும், சிறு பிள்ளையைத் தூக்குவதும், 50 கிலோ மூட்டையும் ஒன்றில்லை என்பதால், மூட்டை தூக்குபவர்களுக்கு அந்த ஆறு வாரம்தான் சரி என்பது என் எண்ணம். அவர்களுக்கு மருத்துவச் சான்றிதழில் நாட்களைத் தெளிவாக எழுதி வாங்கித் தருவதில் நாங்கள் முனைப்பாக இருக்க வேண்டும். நாட்கூலிக்காரர் கேட்கத் தயங்குவார். தொடங்கும்போதும் முதல் வாரம் பாதிப் பாரம், முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து, மூச்சை அடக்காமல்.

திரும்பி வர வேண்டியவை

காயம் நாளுக்கு நாள் சிவந்து சூடாகிச் சீழ் வடிந்தால், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால், கட்டு இரத்தத்தில் நனைந்தால், விரை கடுமையாக நொந்து வீங்கினால், சிறுநீர் அடைத்தால், சத்தியும் வயிறு ஊதலும் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், கிளினிக் திகதிவரை இருக்காதீர்கள்.

கீறலுக்குக் கீழே தோல் மரத்திருப்பது பலருக்கும் இருக்கும், மாதங்களில் சுருங்கிவிடும். மூன்று மாதம் தாண்டியும் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் வலி மிஞ்சுகிறது. அன்றாட வேலையைத் தடுக்கும் அளவு வலி அதைவிடக் குறைவு. மின்சாரம் பாய்வது போல, எரிவது போல இருந்தால் நரம்பு வலி. ‘ஒப்பரேஷன் செய்தால் அப்படித்தான்’ என்ற பதிலோடு வீட்டுக்குப் போகாதீர்கள். அதற்கு வேறு மருந்துகள் உண்டு, நரம்பைச் சுற்றி ஊசி போடலாம், சிலருக்கு மறு ஒப்பரேஷனும் உதவும்.

வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் காட்டை, அதாவது வருத்தத்தையும் சிகிச்சையையும் எழுதிய அட்டையை, பத்திரப்படுத்துங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள். அதில் திறந்து செய்ததா, லப்ரொஸ்கொப்பியா, வலை வைத்தார்களா என்று எழுதியிருக்கிறதா என்று வார்டை விட்டு வெளியேற முன் பாருங்கள், இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். அதே பக்கம் ஹேர்னியா திரும்பி வந்தால், முன்னால் திறந்து செய்ததைப் பின்பக்கமாகவும், பின்பக்கம் செய்ததை முன்னாலும் அணுகுவதுதான் வழக்கம். தழும்புக்குள் மீண்டும் தோண்டத் தேவையில்லை. பல வருடம் கழித்து வேறு ஊரில், வேறு வைத்தியர் முன்னால் நீங்கள் படுத்திருக்கும்போது அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் காட்டைத்தான்.